கூட்டம் சேருமுன்

ஜனவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன் சமையலைச் சாப்பிட்டும் உன் வீட்டுக்காரர் நலமா என்று சேர்த்தே கேட்டுவிடுகிறேன். இங்கே உன் அண்ணனுக்குத் துணைமின் நிலையத்தில் வேலை ஓயவில்லை. மாமாவுக்கு முட்டிவலி தேவலை. சிட்டுவுக்குத்தான் சரியில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உன்னோடு பேசத் தொடங்கியதும் உன் அப்பா முன்னறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதோடு, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். ஹாஸ்டலில் கதவிடுக்கில் சீட்டு தள்ளிக்கொள்வோமே, எனக்கு அதுதான் இன்னும் கைவருகிறது. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் நுண்ணுயிரியல் படித்தோம். நீ ஒரு கிருமியைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போனாய், நான் உன் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். இப்போது பார், உன் கிருமி என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஏழு மாசக் குழந்தைக்கு இத்தனை நாளாகவா சளி விடாமல் இருக்கும்? தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். சூடோமோனாஸ் என்றார் மருத்துவர். பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பெயர், பெற்ற பெண்ணின் தொண்டையில் இருக்கிறது.

மாமா ஒன்றும் திட்டவில்லை. சிட்டு இருமும்போதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார்: "எங்க வீட்டுல யாருக்கும் நெஞ்சு இப்படி இரைச்சதில்லம்மா." சாதாரணமாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் அது முள்ளாகத் தைக்கிறது.

அந்தக் கிருமியைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுது. பயமுறுத்தாமல் எழுது.

உன் வருகைக்கும் பதிலுக்கும் ஏங்கும்,
பயந்தாங்கொள்ளி


ஜனவரி 24

அன்பு அண்ணிக்கு (பல்லைக் கடிக்காதே, முறை அதுதானே),

நாங்கள் இருவரும் நலம். அவர் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், தற்காப்புக்கு. என் மருமகள் சிட்டுவின் இருமல் இந்தக் கடிதம் வருவதற்குள் குறைந்திருக்க வேண்டும்.

என் கிருமியைப் பற்றிக் கேட்டாய். தனியாக இருக்கும்போது அது பரம சாது. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் அதன் இனம் பெருகப் பெருக அந்தச் சொட்டும் தேங்கும். தேக்கம் ஓர் அளவைத் தாண்டினால், 'அட, நாம நிறையப் பேர் இருக்கோம்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். நச்சைக் கக்குவது, பசையால் போர்வை நெய்து அதனடியில் ஒளிவது, மருந்துக்கு அசையாமல் கிடப்பது எல்லாம் அதற்கப்புறம்தான். ஒண்டியாளாக வாலாட்டினால் உடம்பு நசுக்கிவிடும் என்று அதற்குத் தெரிந்ததுபோல நடந்துகொள்ளும். அப்பாவைக் கேள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தனியாக ஏறுகிறவன் மரியாதையாக டிக்கெட் வாங்குவான். அவனே கும்பலோடு ஏறினால் கண்டக்டரை மிரட்டுவான். அதே கதை.

ஆகவே, கூட்டம் சேருமுன் அடித்துவிட வேண்டும். இப்போது சிட்டுவிடம் இருப்பது புதிதாக வந்த சிலதுதான் என்று நினைக்கிறேன். நேரம் இருக்கிறது.

எனக்கு மூன்று விஷயம் சொல். என்ன மருந்து கொடுக்கிறார்கள்? எடை ஏறுகிறதா? நீ அவளுக்கு முத்தம் கொடுக்கும்போது நெற்றி உப்புக் கரிக்கிறதா?

சிட்டுவின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.
வாயாடி


பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்ததும் நாலு தடவை படித்தேன். சிட்டு அதன் ஓரத்தைத் தின்றுவிட்டாள். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் சிரப் கொடுத்தோம். காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. மறுபடி ஒரு வாரம். நெபுலைசர் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டோம். முகமூடியை வைத்தால் முதலில் வீறிடுவாள், பிறகு அந்தப் புகையைப் பிடிக்கக் கை நீட்டுவாள். கிண்ணத்தை ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைத்துக் காயவைக்கிறேன். உன் அண்ணன் என்னைப் பார்த்து, "பாத்திரத்துக்கே காய்ச்சல் வந்துடும் போலிருக்கே" என்கிறார். எடை அவ்வளவாக ஏறவில்லை. பசி என்னவோ யானைப் பசி. குடிக்கிறாள், குடிக்கிறாள், எங்கே போகிறதென்றே தெரியவில்லை. துணி மாற்றும்போது மட்டும் எங்கே போகிறதென்று தெரிகிறது.

ஆஸ்பத்திரிக்கு மாமாவும் வருகிறார். ஆட்டோக்காரருக்குப் பின்னாலிருந்து பிரேக் எங்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். அந்தப் பையன் போனமுறை, "ஐயா, நீங்களே ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டான். மாமா உண்மையாகவே யோசித்தார்.

பல் ஒன்று முளைக்கிறது. கீழ்வரிசையில், அரிசி முனைபோல. வேறென்ன? எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
பயந்தாங்கொள்ளி


மார்ச் 2

அன்பு அண்ணிக்கு,

பல் முளைத்த செய்திக்கு இங்கே கைதட்டினோம். அப்பாவின் முட்டியையும் அண்ணனின் ஓயாத வேலையையும் விசாரித்ததாகச் சொல்.

எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை. என்னைக் குடுவை வேலையிலிருந்து மேசை வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போது மற்றவர்கள் வளர்ப்பதை நான் கணக்குப் போடுகிறேன். அதுவும் நல்லதற்குத்தான். நம் கிருமியின் வாசனை நினைவிருக்கிறதா, திராட்சைக் கடையில் நிற்பதுபோல இருக்கும் என்பாயே? இப்போது அந்தப் பக்கம் போனாலே குமட்டுகிறது.

மூன்று கேள்வி கேட்டிருந்தேன். இரண்டுக்குப் பதில் வந்தது.

வாயாடி


மார்ச் 13

அன்புள்ள வாயாடிக்கு,

அசதி என்று எழுதியிருந்தாய். நேரத்துக்குச் சாப்பிடு.

சிட்டுவுக்கு மறுபடி காய்ச்சல். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் கடைசியில் தலையில் ஏற்றினார்கள். தொண்டையில் அதே கிருமி. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். மாமா முன்னறையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னார்.

நான் ஒன்று கேட்கிறேன். மாட்டேன் என்று உடனே எழுதிவிடாதே. உங்கள் ஆய்வகத்தில் அந்தக் கிருமிகளின் பேச்சைத் தடுக்கும் மருந்து ஒன்றைச் செய்கிறீர்கள் என்று போன வருஷம் சொன்னாய். கொடுத்தால் அது சாகாதாம், ஆனால் ஒன்றோடொன்று பேச முடியாமல் சும்மா கிடக்குமாம். எனக்கு அதில் ஒரு சிறு புட்டி அனுப்பு. நெபுலைசரில் சில சொட்டுகள் விட்டால் போதும். எவ்வளவு விடுவது என்று நீ எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நானும் அந்தப் படிப்பு படித்தவள்தானே, விவரமில்லாமல் கேட்கவில்லை.

நீ என் நாத்தனாராக வேண்டாம், சிட்டுவின் அத்தையாக இதைச் செய்.

உன்னையே நம்பியிருக்கும்,
பயந்தாங்கொள்ளி


மே 6

அன்பு அண்ணிக்கு,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். சிட்டு இப்போது எப்படி இருக்கிறாள் என்று அண்ணனிடம் வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காய்ச்சல் இல்லை என்றான். அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

புட்டி அனுப்ப மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன், முழுதும் படி. ஒரே குடுவையில் பேச்சைக் கேட்கும் கிருமிகளையும், பிறவியிலேயே அது கேட்காத செவிட்டுக் கிருமிகளையும் சேர்த்து வளர்த்தோம். செவிடுகளுக்கு நல்ல வாழ்வு. மற்றவை பாடுபட்டு உடைத்த இரையை இவை உட்கார்ந்து தின்று பெருகின. வேலைக்குப் போகாத மாப்பிள்ளைபோல. ஆனால் கஷ்டம் வந்தால்? நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிமேல் கக்குமே ஒரு விஷம், அதே பெராக்சைடைக் குடுவையில் விட்டோம். செவிடுகள்தான் முதலில் செத்தன. பேச்சைக் கேட்டவை முன்னமே கவசம் செய்து வைத்திருந்தன. தாக்கத் தெரிவதும் தாங்கத் தெரிவதும் அதற்கு ஒரே பேச்சிலிருந்துதான் வருகிறது.

எங்கள் மருந்து அதன் காதை அடைக்கிறது. ஆனால் எல்லாக் காதையும் இல்லை. எங்கோ ஒன்றிரண்டுக்கு அடைபடாது. உடம்பு விஷத்தைக் கக்கும்போது மற்றதெல்லாம் சாகும், அந்த ஒன்றிரண்டு பிழைக்கும். பிறகு பெருகுவது அதுதான். குடுவையில் அப்படி ஆனால் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுவேன். சிட்டுவை என்ன செய்வேன்? அது இன்னும் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காத மருந்து.

உனக்கு வேண்டியது என் புட்டியில் இல்லை. இந்தக் கிருமி ஆரோக்கியமான குழந்தையின் நெஞ்சில் இப்படிக் குடியேறாது. எடை ஏறாத யானைப் பசி, ஓயாத சளி, நெற்றி உப்பு. நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ மூன்றாவதற்குப் பதில் சொல்லவில்லை. பிறவியிலேயே சளி கெட்டிப்பட்டு வேர்வை உப்பாகும் அந்த நோயா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸா என்று வேர்வையைச் சோதித்தால் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். அப்படி என்றால், கிருமி சிலதாக இருக்கும்போதே மூச்சு வழியாகக் கொடுக்கும் மருந்தை ஒரு மாசம் விடாமல் கொடுத்துப் பெரும்பாலும் துடைத்துவிடலாம். போர்வை நெய்துவிட்டால் முடியாது. பெயர் தெரியாமல் வாரா வாரம் சிரப் ஊற்றுவதில் அந்த நேரம்தான் போகிறது.

இன்னொன்று. யார் வீட்டிலிருந்து வந்தது என்று நீ பயப்படுகிறாய். அது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஆளுக்குப் பாதி வந்தால்தான் வரும் நோய். பாதி எங்கள் வீட்டுச் சொத்து. அப்பா என்ன சொன்னாலும்.

கோபித்துக்கொள். ஆனால் போ.
வாயாடி


மே 17

நாத்தனாருக்கு,

அறிவுரை கிடைத்தது. நீ வளர்ப்பது குடுவையில். நான் வளர்ப்பது மடியில். இங்கே எல்லோரும் நலம்.


ஜூன் 8

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் வராது என்று தெரிந்துதான் அந்த நாலு வரியை எழுதினேன். பதில் வரவில்லை என்றதும் தபால்காரர் மீது கோபம் வருகிறது. என்னை மாதிரி ஒருத்தியை உன் அண்ணன் எப்படிச் சமாளிக்கிறாரோ.

இன்று உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். கோபத்துக்குத் தீனி தேடித்தான் படித்தேன் என்று வை. மார்ச் மாசக் கடிதத்தில் நின்றுவிட்டேன். அசதியாம். குடுவை வேலையிலிருந்து மேசைக்கு மாற்றினார்களாம். திராட்சை வாசனை குமட்டுகிறதாம். அடிப்பாவி, நானும் ஒருத்தியைச் சுமந்தவள்தானே, எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா? என் பெண்ணைத் தவிர வேறொன்றும் அப்போது என் கண்ணில் படவில்லை.

எத்தனை மாசம்?

நீ ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்துவிட்டது. உன் அண்ணனிடம் அந்தப் பாதி இருந்தால், உன்னிடமும் இருக்கலாம். சிட்டுவின் மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று தெரிந்தால்தான் அதே இடத்தை உன்னிடமும் தேடிப் பார்க்க முடியும். மார்ச்சிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம்: 'எனக்காகப் பார், என் வயிற்றில் இருப்பதற்காகப் பார்.' அன்றைக்கே ஓடியிருப்பேன். அந்த ஒரு வரியைச் சொல்லி என்னைச் சோதனைக்குத் தள்ள உனக்கு மனசு வரவில்லை. வாயாடி என்று உனக்குப் பெயர் வைத்தவள் நான். மாற்ற வேண்டும்.

கரிக்கிறது. அவள் பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நெற்றி கரிக்கிறது. மருத்துவரும் வேர்வையைப் பார்க்கச் சொன்னார், நீ கேட்பதற்கு முன்னாலேயே. பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை அதிகம் என்று உன் அண்ணனிடம் தள்ளிப்போட்டேன். பார்க்காதவரைக்கும் அவளுக்குச் சளி. பார்த்துவிட்டால் அதற்கு வேறு பெயர்.

நாளை போகிறோம்.

உன்னை நீ பார்த்துக்கொள். இருவருக்குமாகச் சாப்பிடு.
பயந்தாங்கொள்ளி


ஜூன் 16

அண்ணிக்கு,

ஐந்து மாசம். உதைக்கிறது. உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டி நலமா என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

என்ன சொன்னார்கள்? எதுவானாலும் எழுது.


ஜூலை 1

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னையும் உதைக்கிறவரையும் விசாரித்தேன். உன் வீட்டுக்காரரையும், இனி அவர்தான் சமைக்க வேண்டும் என்பதால், விசேஷமாக விசாரித்தேன்.

அதுதான். நீ நினைத்ததுதான்.

சின்ன அறை. சிட்டுவின் கையில் இரண்டு பட்டை ஒட்டி, எறும்பு ஊர்வதுபோல லேசாக மின்சாரம் செலுத்தினார்கள். பிறகு ஒரு சுருளை வைத்துக் கட்டிப் போர்வையைச் சுற்றிவிட்டார்கள். வேர்க்க வேண்டுமாம். உன் அண்ணன் மின்சாரம் என்றதும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் எர்த் இருக்கிறதா என்று பார்த்தார். செவிலியர் அவரை வெளியே அனுப்பினார். சாயங்காலம் மருத்துவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். நான் அழவில்லை. என்னென்ன மருந்து, எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் உன் அண்ணனிடம், "இவங்க என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் பிழை என்ற முடிவை உன் மருத்துவருக்கே நேராக அனுப்பச் சொல்லிவிட்டேன். இந்நேரம் வந்திருக்கும்.

மூச்சு மருந்து தொடங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு முன் கொடுக்க ஒரு பொடியும் உண்டு. அதைத் தொடங்கியதிலிருந்து குடிப்பது உடம்பில் ஒட்டுகிறது. தொடையில் முதல்முறையாக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அண்ணன் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டிவியை அணைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பொய் சொல்லிட்டேன்மா. எங்க வீட்டுல இருந்திருக்கு."

உனக்கும் உன் அண்ணனுக்கும் முன்னால் ஒரு பெண் குழந்தையாம். எட்டு மாசம் இருந்தாளாம். சளி என்றே எல்லா மருத்துவரும் சொன்னார்களாம். முத்தம் கொடுத்தால் உதடு கரிக்குமாம். கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளை என்று உன் அம்மா சொல்லிச் சிரிப்பாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லையாம், உன் அம்மா போகிறவரைக்கும்.

"இவ பொறந்து கையில வாங்கினப்பவே கரிச்சுது. நான்தான் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டேன். அதைச் சத்தமா சொன்னா உண்மையாயிடும்னு பாத்தேன். உன்னைச் சொல்லல தாயி."

சிட்டுவை அவர் மடியில் வைத்தேன்.

இப்போது தினமும் காலையிலும் மாலையிலும் அவளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தட்ட வேண்டும். கையைக் கிண்ணம்போலக் குவித்துத் தட்டினால் சளி இளகி வரும். என் கை பயந்து பயந்து தட்டியது. மாமா ஒரு நாள் பார்த்தார், மறுநாள் அவரே தட்டினார். ஸ்டியரிங் பிடித்த கை இல்லையா, ஒரே தாளத்தில் போகிறது. அவளுக்கு அது விளையாட்டு. தட்டும்போதே 'ஆ' என்று ராகம் இழுக்கிறாள், குரல் உடைந்து உடைந்து வருவதில் அவளுக்கே சிரிப்பு.

உன் முடிவு வந்ததும் எழுது. ராத்திரி பகல் பார்க்காதே. போனில் கூப்பிட்டாலும் சரி, அழுதாலும் சரி.

அன்புடன்,
பயந்தாங்கொள்ளி


ஆகஸ்ட் 12

அன்பு அண்ணிக்கு,

அப்பா, அண்ணன், நீ, தொடையில் மடிப்பு விழுந்த என் மருமகள், எல்லோரும் சுகம்தானே? சிட்டுவின் தொண்டையில் இந்த முறை கிருமி வளரவில்லை என்று அண்ணன் சொன்னான். மறுபடி வரலாம், தெரியும். மூன்று மாசத்துக்கொரு முறை பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அதுவும் தெரியும். ஆனாலும் அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். கிருமி செத்ததற்கு இனிப்பு கொடுத்த கிருமி ஆராய்ச்சியாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிவு வந்துவிட்டது. என்னிடம் இருக்கிறது, அண்ணனிடம் இருக்கும் அதே பிழை. என் வீட்டுக்காரருக்கும் பார்த்தார்கள். நாலு நாள் காத்திருந்தோம். அந்த நாலு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை என்று அவர் உன்னிடம் புகார் சொல்லச் சொன்னார். தெரிந்த பிழைகளில் எதுவும் அவரிடம் இல்லை. குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றார் மருத்துவர். என்னைப்போல அந்தப் பாதியைச் சும்மா சுமக்கலாம், அவ்வளவுதான்.

சந்தோஷம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்தது. நான் தப்பித்தேன், நீ தப்பிக்கவில்லையே. இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, நீயாக இருந்தால் என் முதுகில் ஒன்று வைத்து, "லூசு, சிரி" என்பாய் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் பேசினேன். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று இந்த வயதில் கேள்விப்படுகிறேன். அவளுக்கு என்னைப்போலச் சுருட்டை முடியா என்று கேட்டேன். "ரெண்டு சுழி" என்றார். பிறகு நிறையச் சொன்னார். போனைக் காதிலிருந்து எடுக்கவே விடவில்லை.

அடுத்த மாசம் பேறுகாலத்துக்கு அங்கே வருகிறேன். அந்த முதுகுத் தட்டை எனக்கும் கற்றுக்கொடு. உனக்கும் அப்பாவுக்கும் ஒருநாளாவது ஓய்வு வேண்டாமா? இத்தனை வருஷம் அந்தக் கிருமியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அது வாழும் நெஞ்சின்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. முதல் தடவை தட்டும்போது நீ பக்கத்திலேயே இரு. கையைப் பிடித்துச் சொல்லிக்கொடு, எவ்வளவு அழுத்தம் என்று.

உன்,
வாயாடி